கடதாசிக் கட்டும் கணக்கும்

கல்லூரியின் விழா மலருக்கு யாதானும் ஒரு கட்டுரை வரைந்தனுப்புமாறு மலர்க்குழுவினர் எம்மைப் பணித்தபோது, பழைய மாணவர் ஒருவர் எழுதத்தக்க விடயங்களையெல்லாம் வரிசையாக நிறுத்திப் பார்த்தோம். அதிபர்களின் பெருமையை எடுத்துரைத்தற்கு எம்மினும் தகுதியுடையோர் பலருளர். துடுப்பாட்டப் போட்டிகளைப்பற்றி எழுதலாமெனின், யாம் மைதானத்து வேலிக்கு வெளியே நின்று ஆரவாரித்தவரேயன்றி உள்ளே நின்று ஆடினவரல்லேம். ஆயினும், விடுதிச்சாலையில் யாம் பயின்ற கலைகளுள் எந்தப் பரீட்சையிலும் வினவப்படாத கலை ஒன்றுண்டு. அதனைப்பற்றி வேறெவரும் எழுதார் என்னும் துணிபினால் அதனையே எடுத்துக்கொண்டோம். அது சீட்டாட்டம்.

ஆசிரியப் பெருமக்கள் முகஞ் சுளித்தல் கூடும். திருவள்ளுவர் சூதுக்கென ஓரதிகாரம் வகுத்து, அதனைக் கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் இடையே வைத்தமை எமக்கும் நினைவிலுண்டு. சூதாடுக என்று இளைஞர்க்குக் கூறுதற்கு யாம் இங்கு வரவில்லை. ஆடித் தோற்ற ஒருவர் தாம் எவ்விடத்தில் தவறினார் என்பதைக் கணக்கோடு எடுத்துச் சொல்வாராயின், அது ஆடுவோர்க்கும் ஆடாதோர்க்கும் ஒருங்கே பயன்படலாம் என்பதே எம் எண்ணம்.

எம் காலத்து விடுதியில் இரவுப் படிப்பு முடிந்து மணியடித்தபின், அரிக்கன் விளக்கின் திரியை வேண்டியமட்டும் தாழ்த்தி, கட்டில்கள் இரண்டுக்கு நடுவே பாய் விரித்து 304 ஆடுவோம். இம்மலரை வாசிப்போர்க்கு அவ்வாட்டத்தை விளக்க முற்படுதல் கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2 என ஓரினத்துக்கு 76 வரும், நான்கினத்துக்கும் 304. இஸ்கோப்பு, ஆட்டின், கிளாவர் என்னும் பெயர்களை ஒல்லாந்தர் எமக்கு விட்டுச்சென்றனர். அவர்தம் கோட்டைகள் சிதைந்தபின்னும் இப்பெயர்கள் சிதைந்தில. எம்மிடம் காசு கிடையாது. புளியங்கொட்டையே எமது நாணயம். மட்டுவிலைச் சேர்ந்த நண்பரொருவர் ஐந்து வருடகாலம் எமக்கெதிரே அமர்ந்து எம் பங்காளியாக ஆடினார். நான்கு சீட்டுக்களைக் கையிற் கண்டவுடன் யாம் எவ்வளவுக்குக் கேட்போம், எப்போது துணிந்து கேட்போம், எப்போது வீம்புக்குக் கேட்போம் என்பவற்றை அவர் எம்மினும் நன்கறிவார். இதனை வாசகர் நினைவில் வைத்துக்கொள்க.

1981ஆம் ஆண்டின் மாரிகாலத்தில் நண்பரும் யாமும் கனடாவிலே ரொறன்ரோ நகரில் இருந்தோம். இரவில் தொழிற்சாலையில் வேலை. பகலில் கணக்கியற் படிப்பு. வேலைத்தலத்துக் கனேடியர் சிலர் சனிக்கிழமைதோறும் ஒருவர் வீட்டு நிலவறையிற் கூடிப் போக்கர் ஆடுவர். நண்பர் எம்மையும் அழைத்துச் சென்றார். 304இல் தேர்ந்த எமக்கு இஃதோர் அரிய கலையா என்னும் இறுமாப்போடு சென்றோம்.

போக்கர் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றின் கீழ்ப்புறத்தே, நியூ ஓர்லியன்ஸ் நகரத்தை அடுத்து உருப்பெற்று, நீராவிக் கப்பல்களோடு ஆற்றுவழியே ஏறிச்சென்று பரவிய ஆட்டம். ஆதியில் இருபது சீட்டுக்களாலேயே ஆடினர். பின்னரே ஐம்பத்திரண்டு வந்தன. அதன் வகைகள் பல. யாம் கற்றது 'ரெக்சாஸ் ஹோல்டெம்' எனப்படுவது. ரொப்ஸ்ரவுன் என்னும் சிற்றூரே அதன் பிறப்பிடமென ரெக்சாஸ் மாநிலச் சட்டசபை 2007ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. ஆட்டமுறை எளிது. ஒவ்வொருவர்க்கும் இரு சீட்டுக்கள் மறைவாகக் கொடுக்கப்படும். பின்னர் மேசையின் நடுவே முதலில் மூன்று, அடுத்து ஒன்று, ஈற்றில் ஒன்று என ஐந்து சீட்டுக்கள் யாவர்க்கும் பொதுவாக விரிக்கப்படும். ஏழினுள்ளும் சிறந்த ஐந்தே ஒருவரது கை. ஒவ்வொரு கட்டத்திலும் பணம் வைப்பார் வைக்கலாம், பிறர் வைத்ததற்குச் சமன் வைக்கலாம், அதனை ஏற்றலாம், அன்றிச் சீட்டைக் கீழே வைத்து விலகலாம்.

கைகளுக்குள் எது பெரிது, எது சிறிது என மனனஞ் செய்ய வேண்டியதில்லை. அரிதாக வருவதே பெரிது. ஐம்பத்திரண்டிலிருந்து ஐந்தினைத் தெரிதற்கு 2,598,960 வழிகளுண்டு. அவற்றுள் நான்கு சீட்டும் ஒரே எண்ணாக வருவன 624 மாத்திரமே. ஐந்தும் ஓரினமாக வருவன 5,108. தொடரெண்களாக வருவன 10,200. ஓர் இரட்டை மட்டும் வருவன பத்திலக்கத்துக்கு மேற்பட்டன. ஏறத்தாழப் பாதிக் கைகளில் ஒன்றுமேயில்லை. சேர்மானக் கணக்கினை உயர்தர வகுப்பிலே கற்கும் மாணவர் இவற்றைத் தாமே கண்டுகொள்ளலாம். எம் கணித ஆசிரியர் இவ்வுதாரணத்தைக் கையாண்டிருப்பின் அப்பாடத்தில் யாம் இன்னுஞ் சில புள்ளிகள் பெற்றிருப்போம்.

இனிப் புதியவர் யாவரும் இழைக்கும் முதற்பிழைக்கு வருவோம். அது மிகுதியாக ஆடுதல். 304இல் சீட்டுக் கிடைத்தவர் ஆடியே தீரவேண்டும், போக்கரில் அக்கட்டாயமில்லை. இரு சீட்டுக்கள் கைக்கு வருதற்கு 1,326 வழிகள் உள. இரண்டும் ஏசாக வருதல் 221 முறைக்கொருமுறை. யாதேனும் ஓர் இரட்டை வருதல் 17 முறைக்கொருமுறை. ஆகவே ஒன்பது பத்துப்பேர் அமர்ந்த மேசையில், பத்துக் கையில் ஏழு எட்டினை முதற்கண்ணே வைத்துவிடுதல் கோழைத்தனமன்று, அதுவே முறையான ஆட்டம். ஆனால் ஒரு சனிக்கிழமை முழுவதும் சும்மாயிருப்பதற்கோ பனியில் நடந்து வந்தோம் என்று மனம் முறையிடும். யாம் அறிந்தமட்டில், போக்கரில் இழக்கப்பட்ட பணத்துட் பெரும்பகுதி இச்சலிப்பினால் இழக்கப்பட்டதேயாம்.

அமரும் இடமும் ஆராயத்தக்கது. சொல்முறை வட்டமாகச் செல்லுமாதலின், பிந்திச் சொல்பவர் தமக்கு முன்னுள்ளோர் யாவரும் செய்ததைக் கண்டபின்னரே தாம் முடிவு செய்கிறார். முந்திச் சொல்பவரோ இருளிற் கைநீட்டுபவர். ஆகவே முந்திச் சொல்லும் இடத்திலே மிகச் சிறந்த சீட்டுக்களோடு மாத்திரம் புகுதலும், பிந்திச் சொல்லும் இடத்திலே சற்றுத் தளர்வாக ஆடுதலும் நன்று. சபையிற் கடைசியாகப் பேசும் பேச்சாளர்க்குக் கிடைக்கும் நன்மையே இது. கேட்போர் களைத்திருப்பர் என்னும் தீமை மட்டும் இங்கில்லை.

இவற்றையெல்லாம் யாம் கற்றது பிற்காலத்தில். அவ்வருடத்து மார்கழி மாதத்துச் சனிக்கிழமையொன்றில் யாம் இவற்றுள் ஒன்றையும் அறிந்திலேம். எம் சட்டைப்பையில் 350 டொலர் இருந்தது. எம் அன்னையாரின் கண்ணிற் படலம் படர்ந்து சத்திரசிகிச்சைக்கு நாட் குறிக்கப்பட்டிருந்தது. திங்கட்கிழமை ஊருக்கு அனுப்புதற்கென மூன்று மாதமாக ஒதுக்கிய பணம் அது. அதனோடு அம்மேசையில் அமர்ந்திருத்தலாகாது. அமர்ந்தோம்.

எம் கைக்கு ஆட்டின் ஒன்பதும் ஆட்டின் ஏழும் வந்தன. 304இல் ஒன்பது பெருஞ்சீட்டு, இருபது புள்ளி. பன்னெடுங்கால விடுதிப் பழக்கத்தினால் ஒன்பதைக் கண்டதும் எம் நெஞ்சு பூரித்தது. போக்கரிலோ அது வெறும் ஒன்பது. நடுவே இஸ்கோப்பு ராசாவும், ஆட்டின் ஜாக்கும், ஆட்டின் நாலும் விரிந்தன. நான்காவதாகக் கிளாவர் இரண்டு வந்தது. எஞ்சியோர் விலகிவிட, நண்பரும் யாமும் மாத்திரம் நின்றோம். நடுவே கிடந்தது 80 டொலர். அதிற் பாதி எம்முடையது. நண்பர் அமைதியாக இன்னும் 80 வைத்தார்.

இவ்விடத்திற் சற்று நின்று கணக்குப் பார்ப்போம். இன்னும் ஓர் ஆட்டின் வந்தால் எமக்கு ஐந்தும் ஓரினமாகும், வெற்றி உறுதி. யாம் காணாத சீட்டுக்கள் 46. அவற்றுள் ஆட்டின் 9. ஆகவே ஐந்து முறைக்கு ஒருமுறையே யாம் வெல்வோம். வென்றால் நடுவிலுள்ள 160 கிடைக்கும். தோற்றால் 80 போகும். இதே நிலையில் ஐந்துமுறை ஆடினால் ஒருமுறை 160 பெற்று, நான்குமுறை 320 இழப்போம். ஐந்துமுறைக்கு 160 நட்டம், ஒருமுறைக்கு 32. ஆட்டின் வந்தபின் நண்பரிடமிருந்து மேலுஞ் சிறிது பெறலாம் என்பதையுஞ் சேர்த்துப் பார்க்கலாம். ஆனால் மேசையில் மூன்று ஆட்டினைக் கண்டபின்னும் அள்ளிக் கொடுப்பவரல்லர் அவர். அவர் 80க்குப் பதிலாக 20 மாத்திரம் வைத்திருந்தாலோ, 20 கொடுத்து 100 பெறும் வாய்ப்பாகும். அப்போது அதே சீட்டுக்களோடு தொடர்தல் சரியே. சீட்டு நல்லதா தீயதா என்பது தனித்த வினாவன்று. என்ன விலைக்கு என்பதைச் சேர்த்தே கேட்கவேண்டும்.

பெருக்கலிற் பின்தங்கியோர்க்கு ஓர் எளிய வாய்பாடுண்டு. எமக்குதவும் சீட்டுக்கள் எத்தனை என எண்ணுக. இன்னும் ஒரு சீட்டே வரவிருப்பின் அவ்வெண்ணை இரண்டாலும், இரு சீட்டுக்கள் வரவிருப்பின் நான்காலும் பெருக்குக. வருவதே நூற்றுக்கு எத்தனை என்னும் விடை; சிறு பிழையிருக்கும், ஆனால் மேசைக்கு அது போதும். ஒன்பது சீட்டுக்கு 18, 36 என வரும். உண்மை விடை ஏறத்தாழ 19.6, 35.

அன்றிரவு எம் மனதில் இக்கணக்கு எதுவுமில்லை. 'நாற்பது டொலர் உள்ளே கிடக்கிறதே' என்ற ஓரெண்ணமே இருந்தது. எண்பதையும் வைத்தோம். கடைசிச் சீட்டு டயமன் இரண்டு. எம் கையில் ஒன்றுமில்லை. நடுவே 240 டொலர் கிடக்க, எம்மிடம் 230 எஞ்சியிருந்தது. அதனை முழுவதும் முன்னே தள்ளினோம்.

இதனையே 'பிளவ்' என்பர். வெறுங்கையோடு பெரும்பணம் வைத்து எதிரியை விலகச் செய்தல். இதனை வெறும் துணிச்சல் என்று கருதுவோர் பலர். ஹங்கேரி நாட்டிற் பிறந்த கணித மேதை யோன் வொன் நியூமன் 1928ஆம் ஆண்டில் ஆட்டங்களைப் பற்றிய கணிதக் கட்டுரையொன்று வெளியிட்டார். பின்னர் 1944இல் மோர்கன்ஸ்ரேனோடு சேர்ந்து எழுதிய நூலிற் போக்கரை விரிவாக ஆராய்ந்தார். அவர் கண்ட முடிவு வியப்புக்குரியது. மிகச் சிறந்த கையோடும் மிகத் தாழ்ந்த கையோடும் பணம் வைக்கவேண்டும். நடுத்தரமான கையோடு சும்மாயிருக்கவேண்டும். ஒருபோதும் பொய்யாக வைக்காதவர் மெய்யாக வைக்கும்போது எவரும் அவர்க்குப் பணங் கொடார். ஆகவே அளவோடு பொய்த்தல் மெய்யின் விலையை உயர்த்துகின்றது. அறநூலோர் இதனை ஒப்புவரோ அறியோம், கணிதநூலோர் ஒப்புகின்றனர்.

அவ்வகையில், ஒன்றுமற்ற கையோடு யாம் 230 வைத்தமை கணிதத்தின்படி பெரும் பிழையன்று. இருமுறைக்கு ஏறத்தாழ ஒருமுறை எதிரி விலகுவாராயின் அது செலவுக்கு ஈடாகும். பிழை ஆளைத் தெரிந்ததில் இருந்தது. விலகக்கூடியவரிடமே பொய் செல்லும். எமக்கெதிரே இருந்தவரோ, யாம் வீம்புக்குக் கேட்கும் வேளைகளை ஐந்து வருடம் பாயில் இருந்து பார்த்தவர். எம் முகத்தையுங்கூட அவர் நோக்கவில்லை. சிறிது நேரம் சிந்தித்துச் சமனான பணத்தை எண்ணி வைத்துவிட்டு, டயமன் ராசாவையும் இஸ்கோப்பு ராணியையும் திருப்பினார். ராசா இரட்டை.

நள்ளிரவிற் பனியிலே பேருந்துக்குக் காத்து நின்றபோது அவரே வாய் திறந்தார்.

“மச்சான், நீ அந்த எண்பதைப் போட்டது ஆட்டின் வருமெண்டோ, இல்லை முதல் போட்ட நாற்பதுக்காகவோ?”

நாற்பதுக்காக என்றோம்.

“நடுவில போட்ட காசு உன்ர காசில்லை. அது என்ர காசுமில்லை. அது ஆற்றையுமில்லை. அதை மறந்துபோட்டுத்தான் அடுத்த காசைப் போடவேணும்.”

பொருளியல் நூல்கள் பக்கம்பக்கமாக உரைப்பதை அவர் தரிப்பிடத்தில் நின்றே உரைத்துவிட்டார். எனினும் அப்பணம் எதற்காக ஒதுக்கப்பட்டதென்று யாம் அவர்க்குக் கூறவில்லை. கூறியிருப்பின் அக்கணமே திருப்பித் தந்திருப்பார். அதற்கு அஞ்சியே கூறாதிருந்தோம்.

அன்னையார்க்கு எழுதிய கடிதத்தில் வங்கியில் ஏற்பட்ட தாமதத்தினாற் பணம் ஒரு மாதம் பிந்தும் என எழுதினோம். மேலதிக நேரம் வேலை செய்து தை மாத இறுதியில் அனுப்பினோம். சத்திரசிகிச்சை நன்கு நிறைவேறியது. அதுகாறும் தங்கையின் எழுத்தில் வந்துகொண்டிருந்த கடிதங்களுக்குப் பின், அன்னையார் தம் கைப்பட எழுதிய கடிதமொன்று வந்தது. வரிகள் சற்றே மேலேறிச் சென்றன. காசு பிந்தியதற்கு நீ வருந்தாதே, வங்கிக்காரரும் மனிதர்தாமே என்று அதில் எழுதியிருந்தார். யாம் வைத்த பொய்களுள், எதிரிருந்தவர் சீட்டைத் திருப்பிப் பாராமல் விட்டது அது ஒன்றே. அதன் வெற்றியினால் இன்றுவரை எமக்கு மகிழ்ச்சியில்லை.

அடுத்த சனிக்கிழமை யாம் செல்லவில்லை. மூன்றாவது சனிக்கிழமை நண்பர் தம் அறைக்கு அழைத்து ஒரு கட்டுச் சீட்டையும், பால்மாப் பேணி நிறையப் புளியங்கொட்டையையும் முன்வைத்தார். ரொறன்ரோவில் அக்காலத்தில் அத்தனை புளியங்கொட்டையை அவர் எவ்வாறு சேர்த்தார் என்பது இன்றும் விளங்காத புதிர். மாரி முழுவதும் அவற்றை வைத்தே யாம் மேலே கூறிய யாவற்றையும் எமக்குப் பயிற்றினார். தோல்வியடைந்த அடுத்த கையில் அதனை மீட்க முனைதலே பெருந்தோல்விக்கு வாயில் என்பதும், ஆடும் பணம் வேறு வீட்டுப் பணம் வேறு என எல்லை வகுக்காதவர் எவ்வளவு திறமையுடையவராயினும் மேசைக்கு வரலாகாது என்பதும் அவர் வற்புறுத்திய இரண்டு. பின்னதை அவர் கூறும்போது யாம் சீட்டுக்களைக் கலைத்துக்கொண்டிருந்தோம்.

பள்ளியில் நளன் கதையைப் படித்தபோது யாம் பொருட்படுத்தாத ஒரு நிகழ்ச்சி பிற்காலத்திற் புதுப்பொருள் தந்தது. சூதில் நாடிழந்த நளன், வாகுகன் என்னும் பெயரோடு அயோத்தி மன்னன் இருதுபன்னனுக்குத் தேரோட்டியாய் இருக்கிறான். வழியில் ஒரு தான்றி மரத்தைக் கண்ட மன்னன், அதன் கிளைகளை நோக்கியே இலைக்கும் காய்க்கும் கணக்குச் சொல்கிறான். நளன் நம்பாது மரத்தை வெட்டி எண்ணிப் பார்க்கிறான், கணக்குச் சரியாயிருக்கிறது. அவ்வெண்ணும் வித்தையும் சூதின் வித்தையும் ஒன்றெனக் கூறும் மன்னனிடம் அதனைக் கற்றுக்கொண்டு, மாற்றாகத் தன் குதிரை நூலைக் கொடுக்கிறான். அக்கணத்திலேயே கலி அவனைவிட்டு நீங்குகிறான். பண்டைக்காலத்தில் தான்றிக் கொட்டைகளே சூதாடு காய்களாகப் பயன்பட்டன என்பதையும் நோக்குக. சிறிதைப் பார்த்துப் பெரிதை மதிப்பிடும் கணிதத்தையும் சூதையும் அக்கதை சொன்னவர் எத்தனை நூற்றாண்டுகளுக்கு முன்னரே ஒருங்கு வைத்துவிட்டார்! எம் தமிழாசிரியரும் கணித ஆசிரியரும் அப்பாடத்தை ஒருமுறை சேர்ந்து நடத்தியிருக்கலாம்.

இந்நாளில் இயந்திரங்களும் போக்கர் ஆடுகின்றன. 2017ஆம் ஆண்டு தை மாதத்தில், கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தார் ஆக்கிய லிப்றாற்றஸ் என்னும் கணினி நிரல் இருபது நாட்களில் 120,000 கைகள் ஆடித் தேர்ந்த ஆட்டக்காரர் நால்வரை வென்றது. 2019இல் அதன் வழிவந்த மற்றொன்று அறுவர் மேசையிலும் வென்றது. அவற்றுக்குக் கண்ணில்லை; எதிரியின் முகத்தையோ நடுங்கும் விரலையோ அவை கண்டதில்லை. முகம் பார்த்துக் கையறிதலே போக்கர் என்று திரைப்படங்களைக் கண்டு நம்பியிருப்போர் இதனைக் கவனிப்பாராக. இன்னொன்று, தோற்ற கைக்காக அவை வருந்துவதுமில்லை, முன்னே போட்ட நாற்பதை நினைப்பதுமில்லை.

நண்பர் இன்றும் ரொறன்ரோவில் நலமே வாழ்கிறார். பேணியும் இருக்கிறது, கொட்டைகள் தேய்ந்து பளபளப்பாகிவிட்டன. அந்த 350 டொலர் யாருடைய கண்ணுக்கென ஒதுக்கப்பட்டது என்பதை இத்தனை வருடமாகியும் யாம் அவரிடம் சொன்னதில்லை. இம்மலரின் பிரதியொன்று அவர்க்கும் செல்லும். இக்கட்டுரையிலேதான் முதன்முறையாக அறியப்போகிறார். வாசித்து முடித்ததும் தொலைபேசியில் அழைப்பார். நெடுநேரம் ஒன்றும் பேசமாட்டார். பின்னர், ஒன்பதையும் ஏழையும் வைத்துக்கொண்டு முதலிலேயே ஏன் உள்ளே வந்தாய் என்று கேட்பார்.